ஏழு மணி பஸ்ஸுக்கு வராதவர்

1

இந்தக் கதை, ஒரு பாட்டை நிறுத்தச் சொன்ன ஒருவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. 'கிடைத்தது' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு 'எடுத்துக்கொண்டேன்' என்று மாற்றினேன். இப்போது மறுபடியும் 'கிடைத்தது'. படித்து முடித்தபின் உங்களுக்குச் சரியென்று பட்டதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் டயாலிசிஸ் நர்ஸ். மிசிசிப்பி ஆற்றின் கரைமேட்டை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. ஊருக்கு ஹோலிஸ் லேண்டிங் என்று பெயர் வைத்துக்கொள்வோம். என் பெயர் பூரணி; இங்கே எல்லோருக்கும் 'நர்ஸ் பூ'. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பன்னிரண்டு பேர் வந்து பன்னிரண்டு நாற்காலிகளில் சாய்வார்கள். நான்கு மணி நேரம் அவர்கள் இரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே போகும். கையை அசைக்க முடியாத நான்கு மணி நேரத்தில் மனிதர்களுக்கு வாய்தான் மிச்சம். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும்.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை, வானொலியில் 'ஏழு மணி பஸ்' வந்தது. (இதுவும் நான் வைத்த பெயர். தேடாதீர்கள், கிடைக்காது.) பன்னிரண்டு நாற்காலியில் பதினொன்று பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டுக்கு அப்படியொரு குணம். கல்யாணத்தில் போடுவார்கள், சாவு வீட்டில் போடுவார்கள், காபித்தூள் விளம்பரத்தில்கூட வந்தது. மழையில் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, வராத காதலியைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவனின் பாட்டு.

நான்காவது நாற்காலியில் இருந்த மிஸ் ஐடெல்லா மேஹ்யூ மட்டும் பாடவில்லை.

"அத நிறுத்து, கண்ணு," என்றார்.

"ஏன் மிஸ் ஐடெல்லா, உங்க பாட்டுதான இது," என்றார் ஐந்தாவது நாற்காலி மிஸ்டர் லெவெஸ்டர். "பாவம் அந்த மனுஷன். அறுபது வருஷமா மழையில நனையறான். நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பாட்டில் வரும் ஐடெல்லா இவர்தான் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். நானும் சிரித்தேன்.

மிஸ் ஐடெல்லா சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சண்டை போடும் குரலில் இல்லாமல், மாத்திரை முழுங்கியாச்சு என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"மழையே பெய்யல அன்னிக்கு."

2

இனி எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஜூன் மாதக் காலையொன்றில், பருத்தி வயல்களின் மேல் பனி விலகாத வேளையில், ஒரு இளம்பெண் கையில்

விட்டுவிட்டேன். ஜூனில் இந்த ஆற்று டெல்டாவில் ஏது பனி. அந்த மாதிரி வாக்கியம் எழுதினால் மிஸ் ஐடெல்லா சொன்ன 'மழையே பெய்யல' என்பதை நான் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது முயற்சி, பாட்டைப் பற்றிய கட்டுரை போல: 'தாளமும் துயரமும் கலந்த அந்த இசைவகையின் வரலாற்றில் ஏழு மணி பஸ்ஸுக்கு உள்ள இடம்' என்று. அப்படிக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதைப் பாடிய அலோன்சோ பிக்கெட்டின் குரலைப் பற்றி இரண்டு பக்கமும், ஐடெல்லாவைப் பற்றி ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரி: 'ஐடெல்லா, அவரைக் காத்திருக்க வைத்த பெண்.'

ஆகவே அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு சிக்கல் உண்டு. இந்த ஊர் மொழியில் பத்தொன்பது வயதுக்காரியும் எண்பத்தாறு வயதுக்காரரும் ஒரே சொல்தான். தமிழில் 'அவள்', 'அவர்' என்று நான் பிரித்தே ஆகவேண்டும். பிரித்தால் இரண்டு பெண்கள் போலத் தெரிகிறது. ஒருவர்தான்.

3

அவளுக்கு அப்போது பத்தொன்பது. ஊர்ச் சலவைச்சாலையில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் ஈரமாக வரும். நீராவி உருளையில் கொடுத்து, அந்தப் பக்கம் சுடச்சுட வருவதை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று இழுத்து மடிக்க வேண்டும். அவளோடு மடிப்பவள் ஓரா பெல், அவளைவிட ஆறு வயது மூத்தவள், வாயாடி.

அலோன்சோ பிக்கெட் பருத்தி அரவை ஆலையில் இருந்தான். சனிக்கிழமைகளில் மீன் வறுவல் விருந்து நடக்கும் வீடுகளில் கிடார் வாசிப்பான். இருவரும் சிகாகோ போய்விடுவது என்று முடிவாயிற்று. அங்கே அவள் அத்தை இருந்தாள். அங்கேயே சர்ச்சில் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்.

அவள் ஐந்தரைக்கே போய்விட்டாள். நிலையத்தின் பின்பக்கம் கறுப்பர்களுக்கான அறை; ஒரு பெஞ்சு, ஒரு விசிறி, விசிறி ஓடாது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் இரண்டு பேருக்குக் கோழி வறுத்து எடுத்துவந்திருந்தாள், வெண்ணெய்க் கேக்கும்.

"எதுக்கு வீட்டுலேந்தே சாப்பாடு?" என்று நான் கேட்டேன்.

"வழியில எவன் கண்ணு எங்களுக்குத் தட்டு வப்பான்?" என்றார்.

ஏழு மணி பஸ் வந்தது, போனது. ஓட்டுநர் அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார வந்தபோது, ஆள் வருது என்று சொல்லிப் பையை வைத்தாள். பத்து மணி பஸ். இடையில் ஒரு போலீஸ்காரன் வந்து இங்கே என்ன வேலை என்று கேட்டான். டிக்கெட்டைக் காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழு மணி பஸ் போயாச்சே," என்றான். "தெரியும் சார்," என்றாள். அந்த இரண்டு சொற்களைச் சொன்னதுதான் அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றார்.

ஒரு மணி பஸ்ஸும் போனது. வெயில். மழை இல்லை.

அலோன்சோ முந்தின நாள் மாலையே போய்விட்டிருந்தான். மெம்பிஸிலிருந்து வந்த குழு ஒன்றின் கிடார்க்காரனுக்கு உடம்பு சரியில்லை; காரில் ஓர் இடம் காலியாக இருந்தது; ஏறிவிட்டான். சொல்லி அனுப்ப நேரமில்லை என்று பிறகு சொன்னான்.

(இங்கே அலோன்சோவின் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதியிருந்தேன். காரின் பின்சீட்டில் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான் என்று. யார் பார்த்தது? எடுத்துவிட்டேன்.)

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே சலவைச்சாலைக்குப் போய், மேலங்கியைக் கட்டிக்கொண்டு, தன் இடத்தில் நின்றாள்.  ஓரா பெல் பெட்டியை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, விரிப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள்.

4

இப்போது பாட்டின் வரலாறு.

அந்தப் பாட்டின் முதல் வரி ஒரு கேலி. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, விரிப்பை இழுத்துக்கொண்டே ஓரா பெல் ராகம் போட்டாள்: "ஏழு மணி பஸ்ஸும் போச்சு..."  அவள் அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விரிப்பின் எதிர் முனையிலிருந்து அவள் அடுத்த வரியைப் போட்டாள்.

ஏழு மணி பஸ்ஸும் போச்சு, அலோன்சோ,
பக்கத்துல எடம் வச்சேன், வரலியே நீ.
பத்து மணி பஸ்ஸும் போச்சு, அலோன்சோ,
பொட்டலம் ஆறிப்போச்சு, வரலியே நீ.

(என் தமிழ். மூலத்தில் இதைவிடச் சிக்கனம்.)

இழு, மடி, இழு, மடி. அதுதான் தாளம். பின்னாளில் அந்தத் தாளத்தை எங்கிருந்து பிடித்தார் என்று அலோன்சோவைக் கேட்டு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ரயில் சக்கரம் என்றார் ஒருவர். ஆப்பிரிக்கா என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு என்று யாரும் எழுதவில்லை.

கோடை முழுக்கச் சலவைச்சாலையில் அதுதான் பாட்டு. ஆளாளுக்கு ஒரு வரி சேர்த்தார்கள். நன்றாக இல்லாத வரிகளை ஐடெல்லா தள்ளிவிடுவாள். பாடப் பாட வலி குறைந்ததா என்று கேட்டேன்.

"வலிக்கு வேல குடுத்தோம். அவ்ளோதான்."

நவம்பரில் அலோன்சோ ஊருக்கு வந்தான். புதுக் காலணி. ஓரா பெல் வீட்டு முற்றத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்துட்டல்ல," என்றாள் ஓரா பெல். "வாசல் அந்தப் பக்கம்."

"ஐடெல்லா பேசட்டும்."

ஐடெல்லா பேசவில்லை. பாடினாள். முழுப் பாட்டையும், அவன் பெயரோடு, அவன் முகத்துக்கு நேரே. முடித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். "இன்னொரு தடவ பாடு," என்றான். கேட்டுக் கேட்டு வேகட்டும் என்று மறுபடியும் பாடினாள். "இன்னும் ஒரே தடவ."

மிஸ் ஐடெல்லா இதைச் சொல்லும்போது நான் அவர் கையில் ஊசி இறங்கிய இடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நாடித்துடிப்பில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூணாவது தடவ பாடறப்பத்தான் பாத்தேன். கண்ணுல தண்ணி வழியுது. வெரலு முட்டியில தாளம் போடுது."

5

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் சலவைச்சாலை வானொலியில் அது வந்தது. கிடார், பித்தளைக் கருவிகள், பின்னால் மூன்று பெண்கள். ஒரு சொல்லைத் தவிர கிட்டத்தட்ட எல்லாம் அப்படியே இருந்தது. எங்கெல்லாம் 'அலோன்சோ' இருந்ததோ அங்கெல்லாம் 'ஐடெல்லா'. ஒரு சொல் மாறியதும், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவனாகிவிட்டான். போலீஸ்காரன் வரும் அடியை எடுத்துவிட்டு மழையைச் சேர்த்திருந்தான்.

யாரோ நீராவியை நிறுத்தினார்கள். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"இந்த நாய்க்குத்தான் கோழி வறுத்து எடுத்துட்டுப் போனியா," என்றாள் ஓரா பெல்.

அலோன்சோவிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'உன் பெயரை நாடே பாடும்படி செய்துவிட்டேன்.' அதை ஒரு பரிசாகத்தான் அவன் நினைத்தான் என்று மிஸ் ஐடெல்லா இப்போதும் நம்புகிறார். பதிவு செய்த இடத்தில் யாரோ சொன்னார்களாம், ஆம்பிளை பாடும்போது பெண் பெயர் வேண்டும் என்று. நாட்டில் எத்தனையோ பெண் பெயர்கள் இருந்தன.

பிறகு நடந்தது உங்களுக்கே புரியும். தெருமுனையில் பையன்கள் பாடினார்கள். கடையில் பெயரைக் கேட்டுவிட்டுப் பாடினார்கள். பல் டாக்டர் ஐடெல்லாவின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினார். அறுபதுகளில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நீண்ட முடி வைத்த வெளுத்த பையன்கள் நால்வர் அதைப் பாடி உலகம் முழுக்கப் பரப்பினார்கள். மெம்பிஸ் ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்றபோது பதிவுத்தாளில் பெயரைப் பார்த்த நர்ஸ், "நீங்க கடைசி வரைக்கும் போகவே இல்லியா?" என்று கேட்டாளாம்.

ஏன் மறுத்துச் சொல்லவில்லை? இது என்னை ரொம்ப நாள் அரித்த கேள்வி. பயம், வெட்கம், காலம் அப்படி என்று நானே மூன்று காரணம் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் தப்பு.

காரணம் வார்டெல் மேஹ்யூ. ஆற்றில் இழுவைப் படகுகளில் சமையல்காரர். இருபத்தெட்டு நாள் ஆற்றில், பதினாலு நாள் வீட்டில். அறுபதில் கல்யாணம். பாதிரியார் மணப்பெண்ணின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ அந்த ராகத்தை முனகினார்கள். வார்டெல் திரும்பிப் பார்த்தார், முனகல் நின்றது. அவ்வளவு உயரமான ஆள்.

அந்த வெளுத்த பையன்களின் பாட்டு எங்கும் ஒலித்த வருடம், ஒருநாள் சமையலறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே வார்டெல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கவா? இது வரைக்கும் கேட்டதில்ல."

"கேளுங்க."

"அன்னிக்கு நீ ஏன் போகல?"

அவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அவரே தொடர்ந்தார்.

"படகுல பசங்க அந்தப் பாட்டப் போட்டு என்னச் சீண்டுவானுங்க. நான் சொல்லுவேன், 'டேய், அவன் மழையில நிக்கறான், நான் அவ கையால திங்கறேன், யாரு ஜெயிச்சா?' அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான்." காயைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்காகத்தான் நீ போகாம இருந்தேன்னு சில சமயம் நெனச்சுக்குவேன். அப்ப என்ன உனக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும்."

உண்மையைச் சொன்னால், அவள் போயிருப்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தரை மணிக்கே போய் உட்கார்ந்தாள் என்பதை. மூன்று பஸ் வரைக்கும் எழுந்திருக்கவில்லை என்பதை.

"போகணும்னு தோணல," என்றாள்.

"அந்த நாள்லேந்து அந்தப் பொய் எனக்கும் சொந்தம்," என்றார் மிஸ் ஐடெல்லா என்னிடம். "அவன் பாதி, நான் பாதி."

வார்டெல் இரண்டாயிரத்து ஒன்பதில் இறந்தார். ஓரா பெல் அதற்கும் முன்னால்.

6

எழுதட்டுமா என்று அவரிடம் அனுமதி கேட்டதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

"எந்த பாஷையில?"

"என் பாஷையில. தமிழ்."

"இந்த ஊர்ல அத யாரு படிப்பா?"

"என்னத் தவிர யாருமில்ல."

"அப்ப எழுது. பேர மட்டும் மாத்து. ஒரு தடவ பட்டது போதும்."

மாற்றினேன். ஐடெல்லா அவர் பெயர் இல்லை. அதை முடிவு செய்ய ஒரு மாதம் ஆயிற்று, ஏனென்றால் மூன்று அசையில் பாடவரும் பெயராக இருக்க வேண்டும் என்று தேடினேன். தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் செய்வது என்னவென்று எனக்கே உறைத்தது.

அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பஸ் நிலையக் காலையை அன்றைக்கு மறுபடியும் சொல்லச் சொன்னேன், போலீஸ்காரன் பகுதி எனக்குத் தெளிவாக இல்லை என்று. அலோன்சோவின் விரலைப் பார்த்தது போல அவர் என் கையைப் பார்த்தார். ஈரப்பஞ்சைப் பிடித்திருந்த கை.

"நீயும் மூணாவது தடவ கேக்கறே, கண்ணு."

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போய் அதுவரை எழுதியதை அழித்தேன். இரண்டு மாதம் ஒன்றும் எழுதவில்லை. மறுபடியும் தொடங்கக் காரணம், அக்டோபரில் நடந்தது.

7

பழைய பஸ் நிலையம் இப்போது கைபேசி பழுதுபார்க்கும் கடை. அதன் சுவரில் 'ஏழு மணி பஸ்' பாட்டுக்கு ஒரு பித்தளைப் பலகை வைப்பதென்று நகரசபை தீர்மானித்தது. அலோன்சோ பிக்கெட்டே வருகிறார். எண்பத்தொன்பது வயது. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது.

"இந்தத் தடவயாவது அவர காக்க வைக்காதீங்க, மிஸ் ஐடெல்லா," என்றார் மிஸ்டர் லெவெஸ்டர்.

"நீ போய்ப் பக்கத்துல ஒக்காந்துக்கோ லெவெஸ்டர். ஒனக்குத்தான் அவன் மேல அவ்ளோ எரக்கம்."

ஆனால் என்னிடம் தனியாக, "வியாழக்கெழம நீ வண்டி ஓட்டுவியா?" என்று கேட்டார்.

மடக்கு நாற்காலிகள், எலுமிச்சை ஜூஸ், உயர்நிலைப்பள்ளி வாத்தியக்குழு. அக்டோபரிலும் வெயில், எல்லோர் கையிலும் அட்டை விசிறி. மிஸ் ஐடெல்லா நாவல்பழ நிற உடையில், ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். நகரத்தலைவர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "இதோ, கடைசியா வந்துட்டாங்க," என்றார். பெரிய கைதட்டல்.

பலகையில் இருந்தது: 'இங்குதான் ஓர் இளைஞன் தன் ஐடெல்லாவுக்காகக் காத்திருந்தான்.'

அலோன்சோவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பேத்தி ரெஜீனா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தாவால பேச முடியாது. எதக் கேட்டாலும் 'ஆமா'ன்னு மட்டும் சொல்வாரு. ஆனா பாட வருது. டாக்டருங்களுக்கே ஆச்சரியம்."

எனக்கு ஆச்சரியம் இல்லை. பேச்சுப் போனவர்களுக்குப் பாட்டு மிஞ்சுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சு மூளையின் ஒரு பக்கத்தில் கெட்டாலும், ராகத்தோடு ஒட்டிய சொற்கள் வேறு வழியாக வந்துவிடும்.

ரெஜீனா விரலால் தாளம் தட்டினாள். கிழவர் வாயைத் திறந்தார். குரலில் ஈரம் போயிருந்தது, சுருதி போகவில்லை.

ஏழு மணி பஸ்ஸும் போச்சு, அலோன்சோ,
பக்கத்துல எடம் வச்சேன், வரலியே நீ.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல. அவர் நிறுத்தவில்லை. பத்து மணி பஸ், அலோன்சோ. பொட்டலம் ஆறிப்போச்சு, அலோன்சோ. மழை வரும் அடி வந்தபோது மழையைப் பாடவில்லை. இசைத்தட்டில் இல்லாத ஓர் அடியைப் பாடினார், 'டிக்கெட்ட காட்டு' என்று போலீஸ்காரன் கேட்கும் அடி. அதைச் சலவைச்சாலைக்கு வெளியே கேட்டவர் உலகத்தில் ஒருவர்தான், அந்த நவம்பரில் ஓரா பெல் வீட்டு முற்றத்தில் நின்றவர்.

முடிந்ததும் ரெஜீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்க," என்றாள் ஒலிவாங்கியில். "தாத்தாவுக்குப் பேரு மாறிப்போச்சு. தன் பேரையே பாடிட்டாரு. வயசாயிடுச்சு."

மிஸ் ஐடெல்லா எழுந்தார். நான் கைகொடுக்கப் போனேன், தள்ளிவிட்டார். நடைச்சட்டத்தோடு ஒலிவாங்கி வரைக்கும் பதினான்கு அடி. இடையில் ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். 

"பேரு மாறலம்மா," என்றார். "சரியாத்தான் பாடினாரு. காத்திருந்தது நான். வராதது இவரு. பாட்டு எங்க சலவைச்சாலையில கட்டினது. ஓரா பெல் மொத வரி, மிச்சம் நான். மழை கெடையாது."

 பிறகு கைதட்டினார்கள், எல்லோரும், எழுந்து நின்று. எனக்குப் பின்னால் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "பாத்தியா, அந்த மனுஷன் கூசக்கூடாதுன்னு பழிய தான் ஏத்துக்கிட்டாங்க. என்ன மனசு."

அறுபத்தேழு வருடம் கழித்து, ஒலிவாங்கியில், ஊரே கேட்க உண்மையைச் சொன்னார். அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டு வாத்தியக்குழு வாசிக்கத் தொடங்கிவிட்டது. பலகை அப்படியேதான் இருக்கிறது.

8

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று: அலோன்சோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வராத பேச்சில் மன்னிப்பு

இல்லை.

இரண்டு: ரெஜீனாவுக்கு மட்டும் புரிந்துவிடுகிறது, பலகையை மாற்ற அவள் போராடுகிறாள். இதை எழுத எனக்கு ஆசை. ரெஜீனா அன்று மாலையே விமானம் ஏறிவிட்டாள். போகும்போது, "தாத்தாவுக்கு நீங்க பண்ணினத மறக்க மாட்டேன்," என்று மிஸ் ஐடெல்லாவைக் கட்டிக்கொண்டாள்.

நடந்தது இது. கூட்டம் எலுமிச்சை ஜூஸுக்குப் போன பிறகு, மிஸ் ஐடெல்லா சக்கர நாற்காலிக்கு எதிரில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அலோன்சோ. தெரிஞ்சுதான் பாடினியா?"

"ஆமா," என்றார் கிழவர்.

மிஸ் ஐடெல்லா இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"நோவுல, தெரியாம வாயில வந்ததா?"

"ஆமா."

 வெள்ளிக்கிழமை நான்காவது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அவனுக்குத் தெரியும்," என்றார். "தெரியாம அந்தப் போலீஸ்காரன் அடிய யாரு பாடுவா." திங்கட்கிழமை, "இல்ல, மொதல்ல கேட்டதுதான் மண்டையில அடியில தங்கும். மேல இருந்தத நோவு தின்னுடுச்சு," என்றார். புதன்கிழமை என்னைக் கேட்டார். நர்ஸ் என்ற முறையில்.

நான் இரண்டுக்கும் நியாயம் சொன்னேன். அறுபது வருடத்துக்கு மேல் மேடைமேடையாக 'ஐடெல்லா' என்று பாடிய நாக்கு, நோயில் அந்தப் பழக்கத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும். மாற்றிப் பாடினார் என்றால் முயன்று மாற்றியிருக்கிறார். ஆனால் கண்ணீரோடு மூன்று முறை கேட்டுக் கற்ற பாட்டு, பழக்கத்துக்கும் கீழே கிடந்திருக்கலாம்.

"புஸ்தகம் சொல்றது வேணாம்," என்றார். "நான் கேட்டப்ப நீ பக்கத்துல நின்னே. எனக்குக் கண்ணுல பொர. அவன் மொகம் மங்கலாத்தான் தெரிஞ்சது. மொத 'ஆமா'வுக்கும் ரெண்டாவது 'ஆமா'வுக்கும் மொகம் ஒரே மாதிரியா இருந்துச்சா? அத மட்டும் சொல்லு."

அவர் கேட்ட ஒரே உதவி அது. வாசகரே, என்னால் அதைச் செய்ய முடியவில்லை. முதல் 'ஆமா' வந்தபோது நான் மிஸ் ஐடெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் உதடு எப்படி இறுகுகிறது, இதை எந்தச் சொல்லால் எழுதலாம் என்று. இரண்டாவது 'ஆமா'வின்போதும் அதையேதான்.

அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் நூறு பேராவது இருந்தார்கள். யாராவது ஒருவர் எலுமிச்சை ஜூஸ் கோப்பையோடு இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். அந்த ஒருவராக நீங்கள் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுத முடியாத வாக்கியத்தை இங்கே பாதியில் விடுகிறேன். முடித்தால், மிஸ் ஐடெல்லாவுக்கு நான் படித்துக் காட்டுவேன்.

இரண்டாவது முறை 'ஆமா' என்றபோது அலோன்சோ பிக்கெட்டின் முகம்